‘பேட்’ வந்தால் மறுபடி எழுது!

சுரக்குடியில் ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ரயில் டிக்கெட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் அங்கேதான். நடத்துவது பி.காம். முடித்த ஒரு பெண். போன மழைக்காலத்தில் ஒரு மாலை நான் உள்ளே நுழைந்தபோது கணினி முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பாட்டி, மடியில் மஞ்சள் பை.

பாட்டியின் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் பக்கத்தில் ‘சொல்தா’ என்போம். அவர் போன பிறகு பாட்டிக்கு பிரான்ஸிலிருந்து பென்ஷன் வருகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை ‘உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று சான்று அனுப்ப வேண்டும். அதற்கான படிவம் மெயிலில் வந்திருந்தது. இந்தப் பெண்தான் திறந்து பார்த்தாள். அப்புறம் அடுத்தடுத்த வேலைகளில் மறந்துவிட்டாள். நடுவில் கணினி படுத்துக்கொள்ள, யாரோ ஒரு பையன் வந்து ஃபார்மட் அடித்துக் கொடுத்திருக்கிறான். இப்போது போனில் தேடினால் அந்தக் கடிதம் இல்லை. கணினியிலும் இல்லை.

“மெயில்னா எங்கேயோ மேல இருக்கும்ல அண்ணே? எந்த மெஷின்ல பாத்தாலும் வரும்ல? எப்படிக் காணாமப் போகும்?” என்றாள். அருமையான கேள்வி. ஆனால் அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னாள். “நமக்கெல்லாம் இது எப்படிண்ணே புரியும்? நாம சுரக்குடி.”

தங்கச்சி, உன் மேல் எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். படிவம் தொலைந்தால் இன்னொரு படிவம் கேட்டு வாங்கலாம். ‘நாம சுரக்குடி’ என்று சொல்லித் தொலைத்தாயே, அதை எந்த ஆபீசில் போய்க் கேட்டு வாங்குவாய்?

நீ யார் என்று நான் சொல்கிறேன், கேள். காரைக்கால்காரி. 1739-லிருந்து பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த மண். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கை மாறியது, 1962 ஆகஸ்ட் 16-ல்தான் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அந்த எட்டு வருஷமும் காகிதத்தில் ஒரு நாடு, நடப்பில் ஒரு நாடு என்று இரண்டு கணக்கு வைத்து வாழ்ந்தவர்கள் உன் தாத்தா பாட்டி. இன்றைக்கும் உன் கோப்பு இருப்பது புதுச்சேரியில். நடுவில் நூற்று முப்பது கிலோமீட்டர், அதுவும் தமிழ்நாட்டைக் கடந்து. உன் மாமாவும் சித்தப்பாவும் பாரீஸில். உன் வயல் தண்ணீர் கர்நாடகத்தில் புறப்பட்டு வருகிறது. அங்கே எழுதியிருப்பதும் இங்கே கிடைத்திருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே நம் ஊர்க்காரர்களின் பரம்பரை வேலை. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று எழுதியது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அந்த அளவில் கை வைக்கவில்லை. காகிதத்தில் 7. மதகில் எவ்வளவு என்று போய்ப் பார்ப்பவன்தான் கடைமடை விவசாயி. எழுதியிருந்தால் வந்துவிடும் என்று அவன் திண்ணையில் படுத்துக்கொள்வதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேற்கே நடக்கிறான். உனக்கு நான் கேட்பதும் அந்த நடைதான். சர்வர் வரைக்கும் ஒரு நடை.

முதலில், கடிதம் எங்கே போனது? உன் கணினியில் மெயில் புரோகிராமை யாரோ ‘பாப்’ முறையில் போட்டு வைத்திருந்தார்கள். பாப் எண்பதுகளில் பிறந்த ஏற்பாடு. சர்வரில் இடம் குறைவு, டெலிபோன் லைனில் நிமிஷத்துக்குக் காசு. அதனால் போய்க் கடிதங்களை அள்ளிக்கொண்டு வா, சர்வரில் அழித்துவிடு, லைனைத் துண்டி. குளத்துக்குப் போய்க் குடத்தில் மொண்டு வருகிற மாதிரி. மொண்ட தண்ணீர் குளத்தில் இருக்காது. ‘சர்வரில் ஒரு நகல் விட்டு வை’ என்று ஒரு கட்டம் உண்டு. உன் கணினியில் அதை யாரும் டிக் அடிக்கவில்லை. குடம் உடைந்தது, தண்ணீர் போச்சு. உன் தப்பு இல்லை. ஆனால் இனிமேல் தெரியாது என்று சொன்னால் உன் தப்பு.

இதற்கு மாற்றாக வந்ததுதான் ஐமேப். 1986-ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் என்ற புரோகிராமர் எழுதியது. அந்தப் பெயரின் முதல் எழுத்துக்கு அவர் வைத்த பொருள் ‘இடைக்கால’ என்பது. இடைக்காலத்துக்கு ஒரு மெயில் முறை! நல்லது வரும்வரை ஒப்பேற்றலாம் என்று தொடங்கியது நாற்பது வருஷமாக உலகத்தின் கடிதங்களைச் சுமக்கிறது. கிறிஸ்பின் 2012 டிசம்பரில் இறந்து போனார். அதுவரை அதைத் தீட்டிக்கொண்டே இருந்தார். 1988-ல் ஒரு பதிப்பு, 1990, 1994, 1996, 2003 என்று திருத்தத்துக்கு மேல் திருத்தம். ‘தற்காலிகம்தானே’ என்று உன் கடையைப் பற்றி நீ சொல்லிக்கொள்கிறாயே, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த மனுஷன் நினைவு வரும்.

ஐமேப்பில் கடிதம் குளத்திலேயே இருக்கும். உன் கணினி, உன் போன், பாட்டியின் பேரன் பாரீஸில் வைத்திருக்கும் லேப்டாப் எல்லாம் அதே குளத்தைப் பார்க்கும் கண்கள். நீ ஒன்றைப் படித்தால் ‘படித்தாயிற்று’ என்ற குறி சர்வரில் விழும். மற்ற இரண்டு இடத்திலும் தடித்த எழுத்து மெலியும். பதில் போட்டது, நட்சத்திரம் குத்தியது, அரைகுறையாக எழுதி வைத்தது, அழிக்க வைத்திருப்பது, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. பாப்புக்கு இன்பாக்ஸைத் தவிர வேறு ஃபோல்டரே தெரியாது. ஐமேப்புக்கு எல்லா ஃபோல்டரும் தெரியும்.

இங்கே ஒரு நுட்பம். இதைப் புரிந்துகொண்டால் நீ கடையில் கல்லாப்பெட்டியைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

உன் கணினியில் ஒரு கடிதம் இருக்கிறது, சர்வரில் இல்லை என்று வை. இதற்கு என்ன அர்த்தம்? நீ புதிதாக எழுதி வைத்த கடிதமா, மேலே ஏற்ற வேண்டுமா? இல்லை, போனில் யாரோ அழித்துவிட்டார்களா, இங்கேயும் அழிக்க வேண்டுமா? இரண்டு பக்கத்தையும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பதில் கிடைக்காது. ஏற்றுவதும் அழிப்பதும் நேர் எதிரான வேலைகள். கண்ணுக்குத் தெரிவதோ ஒரே காட்சி. அப்போ எப்படி முடிவு செய்வது?

பால் கணக்கை நினைத்துப் பார். பால்காரர் நோட்டில் 26 லிட்டர், உன் அம்மாவின் காலண்டரில் 24. சண்டை. யார் சொல்வது சரி? போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ‘இதுவரை 18’ என்று ஒத்துக்கொண்டு எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று இருந்தால் சண்டை இல்லை. அந்த 18-க்கு அப்புறம் என்ன நடந்தது என்று மட்டும் பார்த்தால் போதும். மெயிலை ஒத்திசைக்கும் புரோகிராம்கள் செய்வதும் இதையேதான். ஆஃப்லைன்ஐமேப், எம்பிசிங்க் என்று காசில்லாமல் கிடைக்கும் கருவிகள் உண்டு. இவை இங்கே ஒரு பிரதி, அங்கே ஒரு பிரதி, அதோடு ‘போன தடவை ஒத்துப் பார்த்தபோது என்ன இருந்தது’ என்ற மூன்றாவது நோட்டு ஒன்றையும் வைத்திருக்கும். மூன்றாவது நோட்டில் இருந்து, சர்வரில் மட்டும் இல்லையென்றால் அங்கே அழித்திருக்கிறார்கள். நோட்டிலேயே இல்லையென்றால் அது புதுக் கடிதம். அவ்வளவுதான் சூட்சுமம்! இதற்கு எம்.டெக். வேண்டுமா? உன் அம்மாவுக்குத் தெரியும் இது.

(அந்தத் துண்டுச் சீட்டை நம் வாழ்க்கைக்கும் போட்டு வைத்திருந்தால் எத்தனை பேர் ‘நான் முன்னேறவே இல்லை’ என்று புலம்பாமல் இருப்பார்கள்! போன வருஷம் இதே நாள் உனக்கு என்ன தெரியும், இன்றைக்கு என்ன தெரியும்? பக்கத்துக் கடைக்காரன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் ஏற்றுவதா அழிப்பதா என்று ஜென்மத்துக்கும் தெரியாது.)

கடிதங்களை அடையாளம் காண ஒவ்வொன்றுக்கும் சர்வர் ஓர் எண் போடுகிறது. ஏறுவரிசை, ஒரு முறை கொடுத்த எண் அந்தப் பெட்டியில் இன்னொரு கடிதத்துக்குப் போகாது. நடுவில் அழிந்தால் அந்த எண்ணும் அதோடு போச்சு. இதோடு பெட்டிக்கென்று இன்னோர் எண்ணும் உண்டு. அது மாறினால், ‘பழைய எண்கள் எதுவும் செல்லாது, முதலிலிருந்து பார்’ என்று அர்த்தம். ரீசர்வே வந்து புல எண் எல்லாம் மாறிய ஊரில் பழைய பத்திரத்தை வைத்துக்கொண்டு வரப்பு வெட்டப் போனால் என்ன ஆகும்? அதே கதிதான், அதனால்தான் நல்ல புரோகிராம் அந்த எண் மாறியதைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடும். நம் பக்கத்து ஆள் யாருக்கும் இதை இரண்டாவது தடவை விளக்க வேண்டியதில்லை.

புதுக் கடிதம் வந்ததும் போன் உடனே சிணுங்குகிறதே, அதற்கு 1997-ல் ஒரு வழி சேர்த்தார்கள். ‘சும்மா இருக்கிறேன், வந்தால் சொல்லு’ என்று புரோகிராம் சர்வரிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்கும். அரை மணி நேரம் சத்தமே இல்லையென்றால் சர்வர் இணைப்பைத் துண்டிக்கலாம் என்று விதி. அதனால் 29 நிமிஷத்துக்கு ஒரு தடவை ‘இருக்கிறேன்’ என்று மறுபடி சொல்ல வேண்டும். பாட்டியின் உயிர்ச் சான்று மாதிரியே! அவருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, இதற்கு 29 நிமிஷம்.

இப்போது நான் பட்ட அடி ஒன்று. ஒத்திசைவு வந்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்று நானும் நினைத்தேன். சில வருஷங்களுக்கு முன்னால் சென்னைக்குப் போகும் பஸ்ஸில், போனில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வர, பழைய ஃபோல்டர் ஒன்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து டெலிட் அடித்தேன். போனில்தானே அழிக்கிறேன், வீட்டுக் கணினியில் இருக்குமே என்ற தைரியம். வீட்டுக் கணினியோ சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. சர்வரில் போனது தெரிந்ததும் தானும் அழித்துவிட்டது. குப்பைத் தொட்டியில் முப்பது நாள் கிடந்திருக்கும். எனக்கு உறைத்தது இரண்டாம் மாதம். அந்த ஃபோல்டருக்குள் இருந்தவை என் அப்பாவின் கடிதங்கள். அறுபது வயதுக்கு மேல் ஒற்றை விரலால் தட்டித் தட்டி மெயில் எழுதப் பழகிய மனுஷன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவார்; ‘சாப்பிட்டாயா’ என்று முடிப்பார். ஒன்றுகூட மிச்சமில்லை.

அன்றைக்கு எனக்குப் புரிந்ததை உனக்கு இலவசமாகத் தருகிறேன். ஒத்திசைவு ஒரு விஷயம், காப்புப் பிரதி வேறு விஷயம். ஒத்திசைவு நல்லதையும் எடுத்துப் போகும், நாசத்தையும் அதே வேகத்தில் எடுத்துப் போகும். விதைநெல்லை யாராவது சாப்பாட்டு நெல்லோடு ஒரே குதிரில் கொட்டுவார்களா? இந்த ஓட்டத்தில் கலக்காத ஒரு பிரதி தனியாக இருக்க வேண்டும். எம்பிசிங்க் இதில் என்னைவிட விவரமானது; நிரந்தரமாக நீக்கு என்று நீ வாய்விட்டு எழுதிக் கொடுத்தால் ஒழிய எதையும் அடியோடு நீக்காது. கணினியில் ‘மெயில்டிர்’ என்ற அமைப்பில் சேர்த்தால் ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு, கையால் எடுத்துப் பார்க்கலாம். டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணிதக்காரர் தொண்ணூறுகளில் போட்ட திட்டம். மாதம் ஒரு முறை அந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் போட்டுப் பீரோவில் வை. கஜா புயல் 2018 நவம்பர் 16-ல் அடித்ததே, மறந்துவிட்டாயா? கரண்ட் எப்போது வரும், டவர் எப்போது எழும் என்று யாருக்கும் தெரியாத நாட்கள். அந்த நேரத்தில் நிவாரண விண்ணப்பத்துக்குப் பழைய கடிதம் ஒன்று வேண்டுமென்றால் மேலே இருப்பது உதவாது. கையில் இருப்பதுதான் உதவும். இணைப்பு இல்லாதபோது நீ எழுதியது, அழித்தது, நகர்த்தியது எல்லாவற்றையும் கணினி குறித்து வைத்துக்கொண்டு, லைன் வந்ததும் சர்வரிடம் வரிசையாக ஒப்பிக்கும். லைன் இல்லை என்று அது வேலையை நிறுத்துவதில்லை. நீ நிறுத்துகிறாய்!

‘பெரிய கம்பெனிக்காரன் பார்த்துப்பான்’ என்பாய். கூகுள் 2023 டிசம்பரிலிருந்து, இரண்டு வருஷம் யாரும் தொடாத கணக்குகளை அழிக்கத் தொடங்கியது. சொல்லிவிட்டுத்தான் செய்தார்கள், குற்றமில்லை. ஆனால் எடுத்துப் பிரதி வைக்காதவனுக்கு அவர்கள் என்ன செய்ய முடியும்?

‘இதெல்லாம் வெளிநாட்டான் சமாச்சாரம்’ என்றும் சொல்வாய். 1986-ல் நம் நாட்டில் எர்நெட் என்ற வலை தொடங்கியபோது அதில் சேர்ந்த எட்டு இடங்களில் மெட்ராஸ் ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல்; முதல் நாளே மெட்ராஸுக்கும் வந்தது. ஸ்ரீதர் வேம்பு 1996-ல் கூட்டாளிகளோடு தொடங்கிய கம்பெனி 2008-ல் ஜோஹோ மெயிலைக் கொண்டுவந்தது. இன்று அந்த நிறுவனத்தின் ஆட்கள் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையிலும் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். 2025-ல் மத்திய அரசு ஊழியர் சுமார் 12 லட்சம் பேரின் மெயில் அந்தத் தளத்துக்கு மாறிய செய்தியை நீயும் படித்திருப்பாய். மத்தளம்பாறையில் முடிகிறது, சுரக்குடியில் முடியாதா? மத்தளம்பாறைக்கும் டவுன் பஸ்தான் தங்கச்சி!

ஒரு குறை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ‘பாட்டி பென்ஷன்’ என்று தமிழில் ஃபோல்டர் பெயர் வைத்தால் சில கருவிகளில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். பழைய ஐமேப்பில் ஆங்கிலம் அல்லாத பெயர்களை ஒரு மாதிரி முறுக்கித்தான் அனுப்ப வேண்டும். 2021-ல் வந்த புதிய பதிப்பில் நம் எழுத்து நம் எழுத்தாகவே போகலாம். எல்லாரும் மாறக் கொஞ்ச காலம் ஆகும். அதற்குப் பயந்து ‘ஃபோல்டர் 1’ என்று பெயர் வைக்காதே. தமிழிலேயே வை.

அன்று மாலை நான் அவளைச் சும்மா விடவில்லை. முதலில் பென்ஷன் ஆபீசுக்கு, படிவத்தை மறுபடி அனுப்பச் சொல்லி ஒரு மெயில். பிறகு புரோகிராமில் கணக்கை ஐமேப்பாக மாற்றிப் போட்டோம். அப்புறம்தான் வேடிக்கை. கறுப்புத் திரை ஒன்றைத் திறந்தோம். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவி வழியாக 993-ம் கதவைத் தட்டினால் சர்வரோடு நேராகப் பேசலாம், மெயில் புரோகிராம் எதுவும் நடுவில் வேண்டாம். ரொம்ப மரியாதையான பேச்சு அது. நீ ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒரு சீட்டு எண் போட வேண்டும். ஏ1, ஏ2 என்று. அதே எண்ணைப் போட்டுப் பதில் வரும். பதில் மூன்றே வகை. ‘ஓகே’ என்றால் ஆயிற்று. ‘நோ’ என்றால் கேட்டது புரிந்தது, செய்ய முடியாது. ‘பேட்’ என்றால் நீ எழுதியதே புரியவில்லை.

முதல் தடவை தட்டினாள். ‘ஏ1 பேட்’ என்று வந்தது. கையை வெடுக்கென்று எடுத்துவிட்டாள். “பாத்தீங்களா, முடியாதுன்னு சொல்லுது.”

இல்லை தங்கச்சி. முடியாது என்பதற்கு ‘நோ’ என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். இது ‘பேட்’. எழுத்துப் பிழை. நம் பிள்ளைகள் எத்தனை பேர் இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்துத் திரும்பி வந்துவிடுகிறார்கள் தெரியுமா? இன்டர்வியூவில் தடுமாறியது, வங்கியில் விண்ணப்பத்தைத் தப்பாக நிரப்பியது, ஆங்கிலத்தில் உளறியது எல்லாம் ‘பேட்’தான். யாரும் உன்னை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. எழுதியது புரியவில்லை என்றார்கள். நூறு பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆர்.எஃப்.சி. 3501 என்று ஓர் ஆவணம் இணையத்தில் சும்மா கிடக்கிறது. எப்படி எழுத வேண்டும் என்று அதில் ஒவ்வொரு வரியாகப் போட்டிருக்கிறார்கள். சாதி கேட்கவில்லை, காலேஜ் பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. சீட்டு எண்ணும் சரியான சொல்லும் கேட்கிறார்கள். எழுது! மறுபடி எழுது!

எழுதினாள். ‘லாகின்’ என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. இந்த முறை ‘ஏ2 நோ’. மெயிலின் வழக்கமான பாஸ்வேர்டைப் போட்டிருந்தாள். இப்படி நுழைய ஆப் பாஸ்வேர்ட் என்று தனியாக ஒன்று எடுக்க வேண்டும். அதற்குப் பத்து நிமிஷம் ஆனது. பாட்டி பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். மூன்றாவது முறை.

‘ஏ3 ஓகே.’

நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ‘ஏ4 செலக்ட் இன்பாக்ஸ்’ என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே தட்டிவிட்டாள். எத்தனை கடிதம் இருக்கிறது, என்னென்ன குறிகள் உண்டு, பெட்டியின் எண் என்ன என்று வரிவரியாக இறங்கியது. போனில் பார்த்த எண்ணிக்கையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தாள் போலிருக்கிறது, நான் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒத்துப்போனது.

கடைசியில் ‘ஏ5 லாக்அவுட்’. சர்வர் ஒரு ‘பை’ சொல்லிவிட்டு, பின்னாலேயே ஓர் ‘ஓகே’யும் சொன்னது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“அண்ணே, டாட்டா சொல்லுதுண்ணே!”

பாட்டி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு எட்டிப் பார்த்தார். “யாருடி அது? பாரீஸ்லேர்ந்தா?”